ஏட்டில் இறந்து காட்டில் வாழ்ந்த பிராணி

ஒரு பிராணி உலகத்தில் இருக்கிறதா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு? "அதைக் கண்ணால் கண்டவனுக்குத்தான்" என்று நேயர்கள் உடனே பதில் சொல்லிவிடுவீர்கள். நியாயமான பதில்தான். ஆனால் உலகம் எப்போதும் அந்த நியாயப்படி நடப்பதில்லை. கண்டவன் காட்டில் வேட்டையாடி வயிறு வளர்க்கும் ஏழையாகவும், காணாதவன் நகரத்துப் புத்தகசாலையில் வீற்றிருக்கும் பண்டிதனாகவும் இருந்துவிட்டால், காணாதவன் சொல்லே அம்பலம் ஏறுகிறது.

தென் அமெரிக்காவிலுள்ள ஒரு மிருகம் இந்தக் காரணத்தினாலேயே சுமார் நாற்பது வருஷ காலம் அழிந்துபோன பிராணிகளின் ஜாபிதாவில் கிடந்தது. அந்த நாற்பது வருஷமும் அது தன் காட்டில் கள்ளியைத் தின்றுகொண்டும், குட்டி போட்டுக்கொண்டும், சில சமயம் வேடர்களின் அடுப்பில் வெந்துகொண்டும் இருந்தது. அதன் பெயர் தாகுவா. பெக்கரி என்னும் இனத்தைச் சேர்ந்தது. அந்த இனத்தின் வரலாற்றையே இந்த வாரம் சொல்லப் புகுகிறோம்.

முதுகில் தொப்புள்

பெக்கரியை முதன்முதல் காண்பவர் எவரும் அதைப் பன்றி என்றுதான் சொல்வார். நீண்ட மூஞ்சி, அதன் நுனியில் தட்டையான வட்டு, தடித்த உடல், மெல்லிய கால்கள், முள் போன்ற ரோமம் எல்லாம் பன்றியின் சாயலே. ஆனால் அமெரிக்கக் கண்டத்தில் உண்மையான பன்றி என்பது ஆதியில் கிடையாது. 1493-ம் வருஷத்தில் கொலம்பஸ் தம்முடைய இரண்டாவது பிரயாணத்தின்போது கப்பலில் ஏற்றிச் சென்று இறக்கியவைதாம் அங்கே கால் வைத்த முதற் பன்றிகள். அதற்குப் பல லட்சம் வருஷங்களுக்கு முன்பிருந்தே பெக்கரிகள் அந்த மண்ணில் மேய்ந்துவந்தன.

புதிய தேசத்துக்குப் போனவர்கள் அங்கே கண்டதையெல்லாம் பழைய தேசத்துப் பெயரால் அழைப்பது வழக்கம். ஸ்பானியர்கள் தங்கள் ஊர்க் காட்டுப் பன்றியின் பெயரையே பெக்கரிக்கும் சூட்டினார்கள். இன்றும் டெக்ஸாஸ், அரிஸோனா முதலிய இடங்களில் அதற்கு 'ஹாவெலீனா' என்றே பெயர். அந்த ஸ்பானியச் சொல்லும் ஸ்பெயினுக்குச் சொந்தமன்று. மலையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. ஆக, அராபியரின் மலைச் சொல் ஐரோப்பியப் பன்றியின்மேல் ஏறி, அங்கிருந்து அமெரிக்கப் பிராணியின் முதுகில் போய் உட்கார்ந்துகொண்டது! 'பெக்கரி' என்னும் சொல் மட்டும், கரீபியப் பூர்விகக் குடிகளின் பாஷையிலிருந்து வந்து எப்படியோ பிழைத்திருக்கிறது.

பெயர் தவறானது போதாதென்று உடலமைப்பிலும் ஒரு விபரீதக் கதை கிளம்பிற்று. 1590-ம் வருஷத்தில் ஹோஸே தெ அக்கோஸ்தா என்னும் யேசு சபைப் பாதிரியார் அமெரிக்காவின் இயற்கை வளங்களைப் பற்றித் தாம் வெளியிட்ட நூலில், இந்தப் 'பன்றி'களுக்குத் தொப்புள் முதுகின்மேல் இருக்கிறது என்று எழுதினார். கேட்க வேடிக்கையாயிருந்தாலும் இதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. பெக்கரியின் பின்புறத்தில், வாலுக்குச் சற்று முன்னே, முதுகின் நடுவில் சிறு குழி போன்ற ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. 1683-ம் வருஷத்தில் லண்டன் வைத்தியர் எட்வர்டு டைஸன் ஒரு பெக்கரியின் உடலை அறுத்துச் சோதித்து, அது தொப்புளன்று, வாசனைத் திரவம் ஊறும் சுரப்பி என்று விளக்கினார். ஆயினும் பழைய கதை எளிதில் சாகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு விஞ்ஞானி குவியே இந்தப் பிராணிக்கு வைத்த லத்தீன் பெயரிலும் 'இரட்டைத் தொப்புள்' என்னும் கருத்தே தொனிக்கிறது.

அந்தச் சுரப்பிதான் பெக்கரியின் குடும்ப வாழ்க்கைக்கு ஆதாரம். பெக்கரிக்குக் கண்பார்வை மந்தம். மூக்கோ மிகக் கூர்மை. இரண்டு பெக்கரிகள் சந்திக்கும்போது ஒன்றன் தலை மற்றொன்றின் பின்புறம் வருமாறு பக்கத்தில் பக்கம் நின்று, ஒன்றன் சுரப்பியில் மற்றொன்று கன்னத்தையும் கழுத்தையும் தேய்த்துக்கொள்ளும். இப்படித் தேய்த்துத் தேய்த்து மந்தை முழுவதற்கும் ஒரே வாசனை ஏறிவிடுகிறது. இருட்டிலும், அடர்ந்த புதரிலும், "இவன் நம்மவன், இவன் அந்நியன்" என்று அறிய அந்த வாசனையே போதும். பாறைகளிலும் மரங்களிலும் அதே வாசனையைப் பூசித் தங்கள் எல்லையையும் குறித்து வைக்கும். நமக்கு அது சகிக்க முடியாத நாற்றம். அவைகளுக்கோ அதுவே குலமும் கோத்திரமும்.

பன்றிக்கும் இதற்கும் வேறு பல வித்தியாசங்களும் உண்டு. பன்றியின் மேல் கோரைப்பல் வெளியே வளைந்து மேல்நோக்கிச் செல்லும். பெக்கரிக்கு அது ஈட்டி முனைபோல நேராகக் கீழ்நோக்கி இருக்கும். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று உராய்ந்து எப்போதும் சாணை பிடித்தபடி கூர்மையாகவே இருக்கின்றன. பன்றிக்குப் பற்கள் 44, பெக்கரிக்கு 38. பன்றிக்குப் பின்னங்காலில் விரல்கள் நான்கு; பெக்கரிக்கு மூன்று. பன்றியின் வால் சுருண்டு ஆடும். பெக்கரியின் வால் இருப்பதே தெரியாது. பன்றியின் இரைப்பை நம்முடையதைப் போல எளியது. பெக்கரியின் இரைப்பை பல அறைகளாகப் பிரிந்திருக்கிறது. வீட்டுப் பன்றி 114 நாள் சுமந்து பத்துக் குட்டிகள் போடும். பெக்கரி ஏறக்குறைய 145 நாள் சுமந்து இரண்டே குட்டிகள் ஈனும். இந்தக் கடைசி வித்தியாசத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டே குட்டி ஈனும் பிராணியைப் பன்றியைப் போலக் கொன்று குவித்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

இரண்டு இனங்களும் தூரத்துப் பங்காளிகள் என்பது வாஸ்தவம். ஆனால் அவை பாகம் பிரிந்து 3 கோடி வருஷங்களுக்கு மேலாயிற்று. பன்றி பழைய உலகத்தில் பெருகிற்று. பெக்கரி வட அமெரிக்காவில் பெருகி, இரு அமெரிக்காக்களையும் இணைக்கும் பனாமா நிலப்பாலம் ஏற்பட்டபின் தெற்கே பரவிற்று. பனியுகத்தின் முடிவில் வட அமெரிக்காவிலிருந்த பெரிய பெக்கரி ஜாதிகள் பூண்டோடு அழிந்தன. அவற்றுள் 'பிளாட்டிகோனஸ்' என்று விஞ்ஞானிகள் பெயரிட்டிருப்பது ஒன்று. இந்தப் பெயரும் நம் கதையில் மறுபடி வரும்.

இரண்டு வகை தெரிந்தவை

இன்று உலகத்தில் எஞ்சியிருக்கும் பெக்கரிகள் மூன்று வகை. அவற்றுள் இரண்டை ஐரோப்பியர் நெடுநாளாகவே அறிந்திருந்தார்கள்.

முதலாவது கழுத்துப்பட்டைப் பெக்கரி. கருஞ்சாம்பல் உடலில் தோளைச் சுற்றி வெளிறிய மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டை மாலை போட்டதுபோல் இருக்கும். எடை சுமார் 20 கிலோ. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்குப் பாலைவனம் முதல் அர்ஜென்டீனாவின் வடபகுதி வரையில், வறண்ட நிலத்திலும் மழைக்காட்டிலும் ஒருங்கே வாழக்கூடிய சமர்த்து இதற்கு உண்டு. பாலைவனத்தில் இதற்கு ஆகாரமும் ஜலமும் ஒன்றே: சப்பாத்திக் கள்ளி! நம் ஊர் வேலிகளிலும் தரிசுகளிலும் முளைத்துக் கிடக்கும் சப்பாத்திக் கள்ளி ஏதோ நமக்கே சொந்தமான செடி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே முள்ளோடு அதைக் கடித்துத் தின்று தாகம் தணித்துக்கொள்ளும் பிராணி இந்தப் பெக்கரி. டெக்ஸாஸில் 1939-ம் வருஷத்தில் இதற்கு வேட்டைச் சட்டத்தின் பாதுகாப்புக் கிடைத்தது. இன்று மூன்றுள் கவலையின்றி இருப்பது இது ஒன்றே.

இரண்டாவது வெள்ளுதட்டுப் பெக்கரி. உடல் கறுப்பு, தாடையும் உதட்டோரமும் வெளுப்பு. இது மழைக்காட்டின் பெருங்கூட்டத்துப் பிராணி. ஐம்பது, நூறு, சில சமயம் முந்நூறு வரையில் ஒரே மந்தையாக நடந்து செல்லும். மந்தை வருவதற்கு முன்பே அதன் வாசனை வரும். பிறகு பற்களைக் கடகடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் வரும். மனிதர் கல்லால் உடைக்கவேண்டிய வன்மையான பனை இனக் கொட்டைகளை இது தாடையால் உடைத்துத் தின்னும். மேல் கீழ்க் கோரைப்பற்கள் பூட்டும் தாழும்போல் ஒன்றில் ஒன்று பொருந்தியிருப்பதால் அவ்வளவு அழுத்தத்திலும் தாடை நழுவுவதில்லை.

இத்தனை பெரிய மந்தை ஓரிடத்தில் தங்கினால் அங்குள்ள பழமும் கொட்டையும் இரண்டொரு நாளில் தீர்ந்துபோகும். ஆகையால் அது ஓயாமல் நடந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நடந்த இடமெல்லாம் தரையைக் கிளறுகிறது, முளைகளை மிதிக்கிறது, சேற்றுக் குழிகளில் புரண்டு அவற்றை ஆழமாக்குகிறது. அந்தக் குழிகளில் தேங்கும் நீர், மற்ற இடங்களில் நீர் வற்றிய பிறகும் நிற்கிறது. பெரு தேசத்து அமேஸான் காட்டில் ஆராய்ந்தவர்கள், அத்தகைய குழிகளில் தவளைகள் ஏராளமாக முட்டையிட்டு வளர்வதைக் கண்டிருக்கிறார்கள். ஒரு மந்தை அழிந்தால் அதோடு ஒரு தவளைக் குளமும் தூர்ந்துபோகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

வேடன் சொன்ன மூன்றாவது

பராகுவே, பொலிவியா, அர்ஜென்டீனா ஆகிய மூன்று தேசங்களும் சந்திக்கும் இடத்தில் கிரான் சாக்கோ என்னும் விஸ்தாரமான சமவெளி கிடக்கிறது. முள்மரமும் கள்ளியும் பின்னிப் பிணைந்த வறண்ட காடு. வெயில் காலத்தில் உஷ்ணம் 40 டிகிரிக்கு மேல் ஏறும். அதன் ஒரு பகுதிக்கு அர்ஜென்டீனாக்காரர்கள் 'புகமுடியாத காடு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 1932 முதல் 1935 வரையில் பராகுவேயும் பொலிவியாவும் இந்தக் காட்டுக்காகப் பெரும் போர் புரிந்தன. பட்டாளங்கள் புகுந்தன, ஆயிரக்கணக்கானோர் குண்டினாலும் தாகத்தினாலும் மாண்டனர். ஆனால் அந்தக் காட்டின் பிராணிகளைப் பற்றி வெளியுலகம் அறிந்துகொண்டது மிகச் சொற்பமே.

போர் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1930-ல், அர்ஜென்டீனாவைச் சேர்ந்த கார்லோஸ் ருஸ்கோனி என்னும் விஞ்ஞானி சில எலும்புகளைப் பற்றி ஒரு கட்டுரை பிரசுரித்தார். அவை அந்நாட்டின் சாந்தியாகோ தெல் எஸ்தேரோ மாகாணத்தில், ஐரோப்பியர் வருகைக்கு முற்பட்ட பழங்குடிகள் வாழ்ந்த மேடுகளைத் தோண்டியபோது கிடைத்தவை. தெரிந்த இரண்டு பெக்கரிகளின் எலும்புகளைவிட அவை பெரியனவாகவும் வேறு விதமாகவும் இருந்தன. ஆகவே அவர் அவற்றை, முன்னே நாம் சொன்ன பிளாட்டிகோனஸ் என்னும் அழிந்த குலத்தில் சேர்த்தார். இறந்தோர் குலத்தில் சேர்க்கப்பட்டதனால் இந்தப் பிராணியும் இறந்ததாகவே கருதப்பட்டது. அதைத் தேடிப் போனவர் எவருமில்லை. இறந்ததைத் தேடுவானேன்?

இதற்கிடையில் அந்தப் 'பிரேதம்' காட்டில் உலாவிக்கொண்டிருந்தது. சாக்கோவில் வாழ்ந்த பூர்விகக் குடிகளும் குடியானவர்களும் தங்கள் பிரதேசத்தில் காட்டுப்பன்றி இரண்டு வகையல்ல, மூன்று வகை என்பதை அறிந்திருந்தார்கள். பராகுவேயில் மூன்றாவது வகைக்குத் தாகுவா என்று பெயர். அர்ஜென்டீனாவில் அதற்குக் 'கிமிலேரோ' என்று பெயர். 'கிமில்' என்னும் கள்ளியைத் தின்பது என்று பொருள். அதன் காது கழுதைக் காதுபோல் நீண்டிருப்பதைக் கண்டு 'கழுதைப் பன்றி' என்று அழைத்தவர்களும் உண்டு. அது எங்கே மேயும், எத்தனை சேர்ந்து திரியும், எந்த நேரத்தில் வெளிவரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்று, அது செத்துப்போய்விட்டது என்பதுதான்!

1970-க்குப் பின் தொடங்கிய வருஷங்களில், அமெரிக்காவின் கனெக்டிகட் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரால்ப் வெட்ஸெல் என்பவர் பராகுவேயின் பாலூட்டிப் பிராணிகளைக் கணக்கெடுக்கச் சென்றார். வேடர்கள் மூன்றாவது பெக்கரியைப் பற்றிச் சொன்னதை அவரும் அவருடைய கூட்டாளிகளும் புறக்கணிக்கவில்லை. வேட்டையில் விழுந்த பிராணிகளின் மண்டையோடுகளை வாங்கிச் சோதித்தார்கள். அவை ருஸ்கோனி வர்ணித்த எலும்புகளோடு பொருந்தின. 1975-ம் வருஷத்தில் 'ஸயன்ஸ்' என்னும் பிரசித்தமான பத்திரிகையில், அழிந்ததாகக் கருதப்பட்ட பெக்கரி பராகுவேயில் உயிரோடிருக்கிறது என்று அவர்கள் அறிவித்தார்கள். உலகம் வியந்தது. சாக்கோ வேடன் மட்டும் வியந்திருக்க மாட்டான்.

இதனால் ஏட்டுப் படிப்பு வீண், காட்டில் கேட்டதெல்லாம் வேதம் என்று முடிவு கட்டிவிடலாகாது. 2007-ம் வருஷத்தில் பிரேஸில் தேசத்து அமேஸான் காட்டிலிருந்து, உள்ளூரார் சொல்லை ஆதாரமாகக் கொண்டு, நான்காவது பெக்கரி ஒன்றைக் கண்டதாக ஒரு பிராணி சாஸ்திரி அறிவித்தார். பின்னர் அணுக்களின் பரம்பரைக் கூறுகளைச் சோதித்தவர்கள், அது கழுத்துப்பட்டைப் பெக்கரியின் பெரிய உருவமே என்னும் அபிப்பிராயத்துக்கு வந்தார்கள். வேடன் சொல்லையும் சோதிக்க வேண்டும். பண்டிதன் சொல்லையும் சோதிக்க வேண்டும். தாகுவா விஷயத்தில் நேர்ந்த பிழை, பண்டிதர் சொல்லைச் சோதியாமல் நம்பியதும், வேடன் சொல்லைக் கேளாமலே விட்டதுந்தான்.

ஓடாத குற்றம்

தாகுவா சுமார் 30 முதல் 40 கிலோ வரை எடையுள்ளது. சாம்பல் கலந்த பழுப்பு ரோமம், தோளில் வெள்ளைப் பட்டை, நீண்ட காது. மூக்கினுள்ளே அகன்ற எலும்பறைகள் இருக்கின்றன. புழுதிக் காற்றில் மூச்சு விடுவதற்கு அவை உதவுகின்றன என்று கருதுகிறார்கள். முக்கிய ஆகாரம் கள்ளி. கள்ளித் துண்டைத் தரையில் போட்டு மூஞ்சியால் முன்னும் பின்னும் உருட்டி முள்ளை உதிர்த்துவிட்டுத் தின்னும். உதிராத முள்ளைப் பல்லால் பிடுங்கித் துப்பிவிடும். கள்ளியில் உப்புச் சத்துக் குறைவாதலால், உப்பு மண் உள்ள இடங்களையும் எறும்புப் புற்றுகளையும் தேடிச் சென்று மண்ணைத் தின்னும். இரவில் திரியும் பிராணியன்று. பட்டப்பகலில் நாலைந்தாய், மிஞ்சினால் பத்தாய்ச் சேர்ந்து திரியும்.

அபாயம் வந்தால் இந்தச் சிறு கூட்டம் ஓடுவதில்லை. பிடரி ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு, பற்களை அடித்துக்கொண்டு, தோளோடு தோள் சேர்ந்து நிற்கும். ஜாகுவாரும் பூமாவும் எதிர்த்து வரும் காட்டில் இது நல்ல யுத்த தந்திரம். ஒன்றைப் பிடிக்க வரும் புலி இனத்து மிருகம், பத்துத் தாடைகள் எதிரே நிற்பதைக் கண்டு தயங்கும். ஆனால் துப்பாக்கிக்கு முன் அதுவே எமனாக முடிகிறது. ஒன்று சுடப்பட்டு வீழ்ந்தால் மற்றவை விழுந்ததை விட்டு அகலாமல் அங்கேயே நிற்கின்றன. வேட்டைக்காரன் நின்ற இடத்தில் நின்றே ஒன்றன்பின் ஒன்றாக முழுக் கூட்டத்தையும் வீழ்த்திவிடுகிறான். தன்னினத்தைக் கைவிடாத குணமே அந்த இனத்துக்குக் குற்றமாக முடிந்தது.

தோல் வியாபாரமும் பெக்கரி இனத்தை வாட்டியிருக்கிறது. பெக்கரித் தோல் மென்மையும் உறுதியும் வாய்ந்தது. ஐரோப்பிய நகரங்களில் அதனால் செய்த கையுறைகளுக்கு நல்ல மதிப்பு. பெரு தேசத்தில் அமேஸான் கரையிலுள்ள இக்கிடோஸ் துறைமுகத்திலிருந்து மட்டும் 1946 முதல் 1966 வரையில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கழுத்துப்பட்டைப் பெக்கரித் தோல்களும், 8 லட்சத்துக்கு மேற்பட்ட வெள்ளுதட்டுப் பெக்கரித் தோல்களும் கப்பலேறின. ஓர் ஈற்றில் இரண்டே குட்டி போடும் பிராணி இது என்று முன்னே சொன்னதை நேயர்கள் இப்போது நினைத்துப் பார்க்க வேண்டும். 1973-ல் பெரு அரசாங்கம் அமேஸான் பகுதியில் வியாபாரத்துக்காக வேட்டையாடுவதைத் தடுத்தது. காட்டுக் குடிகள் உணவுக்காகக் கொன்ற பெக்கரியின் தோலை மட்டும் அளவோடு விற்கலாம் என்று வைத்தது. 1987-ல் சர்வதேச வியாபார உடன்படிக்கையிலும் பெக்கரிகள் இடம் பெற்றன; தாகுவாவை வியாபாரம் செய்வது அறவே தடுக்கப்பட்டது.

ஆனால் துப்பாக்கியைவிடவும் கத்தரிக்கோலைவிடவும் கொடியது ஒன்று உண்டு. அது மேய்ச்சல் நிலம். சாக்கோவின் நடுவே நெடுஞ்சாலை போடப்பட்டது. அதன் வழியே மாட்டுப் பண்ணைகள் வந்தன. அர்ஜென்டீனாப் பக்கத்தில் ஸோயா வயல்களும் வந்தன. ராட்சத யந்திரங்கள் காட்டைத் தள்ளிச் சாய்க்க, சாய்ந்ததை நெருப்பு உண்டது. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து உலகத்தில் மிக வேகமாகக் காடு அழியும் பிரதேசங்களில் சாக்கோவும் ஒன்று. அந்த மாட்டிறைச்சியும் ஸோயாவும் கப்பலேறிக் கடல் கடந்து போகின்றன. புல்வெளியில் கள்ளி இல்லை. கள்ளியில்லாத இடத்தில் தாகுவா இல்லை. அது மட்டுமன்று. அயோரேயோ என்னும் பூர்விகக் குடிகளில் சிலர், வெளியுலகத்தோடு உறவே வேண்டாமென்று இன்றும் அந்தக் காட்டினுள் ஒதுங்கி வாழ்கிறார்கள். ஒரே தீ இருவர் வீட்டையும் நெருங்குகிறது.

வெள்ளுதட்டுப் பெக்கரியின் கதியும் சுகமாயில்லை. பெருங்கூட்டமாய் நடந்துகொண்டேயிருக்க வேண்டிய பிராணிக்குத் துண்டு துண்டான காடு போதாது. எல் ஸால்வடார் தேசத்தில் அது பூண்டற்றுப் போயிற்று. மெக்ஸிகோவின் தெற்கிலும் மத்திய அமெரிக்காவிலும் அது முன்னே பரவியிருந்த இடத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இப்போது வெறிச்சோடிக் கிடக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

நன்முயற்சிகளும் இல்லாமற் போகவில்லை. தாகுவா உயிரோடிருக்கும் செய்தி வெளிவந்த அதே 1975-ம் வருஷத்தில், பராகுவே அரசாங்கம் சாக்கோவின் வடபகுதியில் 7,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காட்டைத் தேசிய வனமாக ஒதுக்கிற்று. அதற்கு 'சாக்கோவைக் காத்தவர்கள்' என்று போர் வீரர்களின் ஞாபகார்த்தமாகப் பெயர். 1985-ல் அமெரிக்காவின் ஸான் டியேகோ மிருகக் காட்சிசாலையாரின் உதவியோடு பராகுவேச் சாக்கோவில் தாகுவாக்களை வளர்த்துப் பெருக்கும் நிலையம் ஒன்று ஏற்பட்டது. அங்கே கூட்டம் பெருகவும் செய்தது. ஆனால் பெருகிய பிராணியைத் திருப்பி விடுவதற்குக் காடு வேண்டும் அல்லவா?

நம் தேசத்தின் சாட்சி

இதெல்லாம் ஏதோ கடல் கடந்த தேசத்துக் கதை என்று நேயர்கள் எண்ணவேண்டாம். பன்றி இனத்திலேயே மிகச் சிறியது, ஒரு முழ உயரமும் இல்லாத குள்ளப் பன்றி, இமயத்தின் அடிவாரத்துப் புல்வெளிகளில் வாழ்வது. 1847-ம் வருஷத்தில் பிரையன் ஹாட்ஸன் என்னும் ஆங்கிலேயர் அதைப் பற்றி எழுதினார். பின்பு வெகுகாலம் அதைக் காணவில்லை. அழிந்தது என்றே பலர் கைகழுவிவிட்டார்கள். 1971-ல் அஸ்ஸாமின் வடபகுதியில் அது மறுபடி வெளிப்பட்டது. ஏறக்குறைய தாகுவா வெளிப்பட்ட அதே காலம்! 1996-ல் மானஸ் வனத்திலிருந்து ஆறே பன்றிகளைப் பிடித்துக் கொணர்ந்து கௌஹாத்தியில் வளர்த்து, அவற்றின் சந்ததியை 2008 முதல் அஸ்ஸாமின் புல்வெளிகளில் திரும்ப விட்டு வருகிறார்கள். இங்கும் பிரச்னை அதேதான். பன்றியை வளர்ப்பது எளிது. அது ஒளிந்துகொள்ளத்தக்க உயர்ந்த புல்லை நிலைநிறுத்துவது அரிது. ஆண்டுதோறும் எரிக்கும் தீயும், மேயும் மாடும், பெருகும் வயலும் அந்தப் புல்லைக் குறுக்கிக்கொண்டே வருகின்றன.

ஒரு தேசத்தின் செல்வத்தைக் கணக்கிடும்போது பொன்னையும் நிலக்கரியையும் பருத்தியையும் கணக்கிடுகிறோம். முள்ளைத் துப்பிவிட்டுக் கள்ளி தின்னும் பிராணியையும், புல்லில் ஒளியும் குள்ளப் பன்றியையும் அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. அவற்றை அறிந்த வேடனுடைய அறிவையும் சேர்ப்பதில்லை. காட்டோரத்தில் வாழும் மக்களுக்குத் தெரிந்த பிராணிகளின் பெயர்களை அவர்கள் வாயிலிருந்தே கேட்டு எழுதி வைப்பது, எந்தச் சர்வகலாசாலையும் குறைந்த செலவில் செய்யக்கூடிய பெரிய காரியம். சாக்கோவில் அதை யாராவது 1930-லேயே செய்திருந்தால், தாகுவாவைக் காப்பதற்கு நாற்பது வருஷம் அதிகமாகக் கிடைத்திருக்கும். நெடுஞ்சாலைக்கும் யந்திரத்துக்கும் முந்திக்கொண்டிருக்கலாம்.

அந்த நாற்பது வருஷம் இனித் திரும்பப் போவதில்லை. 1930-ல் 'இறந்தது' என்று எழுதிய ஏடு 1975-ல் பொய்யாயிற்று. அந்தப் பொய், சாக்கோவின் கடைசிக் கள்ளி எரியும் நாளில் மெய்யாகிவிடாமல் பார்த்துக்கொள்வதே இனிச் செய்யக்கூடியது.